ஜெனரேட்டர் இரைச்சலை அடக்கும் கணக்கு, காதுக்குள் இரைவதை ஏன் அடக்காது?

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களின் சூட்கேசில் சொக்லேட், சோப், சென்ட் போத்தல் வரிசையில் இப்போது இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களும் சேர்ந்துவிட்டன. காதில் மாட்டி ஒரு பொத்தானை அமத்தினால் மின்விசிறியின் இரைச்சல், பஸ் எஞ்சினின் உறுமல், பக்கத்துக் கடை ஜெனரேட்டர் எல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல அடங்கிப் போகும். பாட்டுப் போடாமலேயே அடங்கும். முதல் தடவை கேட்பவர்கள் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவார்கள்.

போரில் காது பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பொருள் வந்து இறங்கும்போது சில கேள்விகளும் கூடவே வருகின்றன. வெடிச்சத்தத்துக்கு இன்றைக்கும் பதறுகிற அம்மாவுக்கு இதைப் போட்டுவிடலாமா? எறிகணை விழுந்த நாளிலிருந்து காதுக்குள் இரைந்துகொண்டிருக்கும் சத்தத்தை இது நிறுத்துமா? காது கேட்கும் கருவி போட்டிருக்கும் அப்பாவைக் கட்டிப்பிடித்தால் அந்தக் கருவி ஏன் கீச்சிடுகிறது? மூன்றையும் என்னிடமே வெவ்வேறு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். தேடிப் படித்தபோது மூன்றுக்கும் பதில் ஒரே கணக்கில் போய் முடிந்தது. அந்தக் கணக்குக்கு வயது அறுபதுக்கு மேல்.

நான் பொறியியலாளன் இல்லை, ஊடகக் கற்கைகள் படித்தவன். பல்கலைக்கழகத்தில் வானொலி நாடகத்துக்கு ஒலித்தொகுப்புச் செய்யப் பழக்கியபோது காட்டித் தந்த ஒரு வித்தையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒலிப்பதிவை இரண்டு தடங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். கீழே உள்ளதைத் தலைகீழாக்க வேண்டும். அலையின் மேடெல்லாம் பள்ளமாகும், பள்ளமெல்லாம் மேடாகும். தனித்தனியே கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சேர்த்து ஓடவிட்டால் ஒன்றுமே கேட்காது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது அலைகளின் மேற்பொருந்துகை. ஒன்று காற்றை அழுத்தும் அதே கணத்தில் மற்றது இழுத்தால் காற்று அசையாமல் நிற்கும். பிறகு ஒரு தடத்தை மெல்ல நகர்த்திப் பார்த்தோம். மயிரிழை அளவு நகர்ந்ததுமே கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் எட்டிப் பார்த்தன. இன்னும் நகர்த்தியபோது குரலே திரும்ப வந்துவிட்டது. தாழ்ந்த ஒலிகள்தான் கடைசிவரை அடங்கிக் கிடந்தன.

இந்த யோசனை புதிதல்ல. போல் லூக் என்ற ஜேர்மனியர் 1930 களிலேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். அமெரிக்கக் காப்புரிமை 1936 இல் கிடைத்தது. குழாய் ஒன்றுக்குள் ஓடிவரும் ஒலியை ஒலிவாங்கி பிடிக்கும். மின்சாரம் ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும் என்பதால், அந்த ஒலி கொஞ்சத் தூரம் வந்து சேர்வதற்குள் அங்கேயுள்ள ஒலிபெருக்கி அதன் எதிர் அலையுடன் தயாராக நிற்கும். தாளில் எல்லாம் சரி. அதை நம்பகமாகச் செய்துகாட்ட அந்தக் காலத்து மின்னணுவியலுக்குக் கை வரவில்லை.

காரணம் துல்லியம். எதிர் அலையின் வீச்சம் பத்து வீதம் பிசகினாலே சத்தத்தை 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. நேரம் பிசகினால் இன்னும் மோசம். அலையின் ஒரு சுற்றில் ஆறிலொரு பங்கு, அதாவது 60 பாகை தவறினால் ஒரு பயனும் இல்லை. அதற்கு மேல் தவறினால் சத்தம் கூடும். முற்றிலும் தவறி இரண்டு மேடும் ஒன்றாக விழுந்தால் 6 டெசிபல் கூடிவிடும். அடக்க வந்த ஒலிபெருக்கி உதவிக்கு ஒலிபெருக்கியாகிவிடும்!

1956 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் கொனோவர் பெரிய மின்மாற்றிகளின் உறுமலை இப்படி அடக்கிப் பார்த்தார். மின்மாற்றி எப்போதும் ஒரே சுருதியில் உறுமும். மின்சாரத்தின் மீடிறன் என்னவோ அதன் இரு மடங்கு: அங்கே 120 ஹேர்ட்ஸ், எங்கள் நாட்டில் 100 ஹேர்ட்ஸ், கூடவே அவற்றின் மடங்குகள். இவ்வளவு ஒழுங்கான சத்தத்துக்கே அவர் ஒவ்வொரு மடங்குக்கும் அளவையும் நேரத்தையும் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. சரிசெய்தாலும் ஒரு குறுகிய திசையில் நின்றவர்களுக்குத்தான் அமைதி. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு அரை மீற்றருக்கு மேல் கூடும். காற்றடித்தால் பாதையே மாறும். காலையில் பொருத்திய கணக்கு மதியத்துக்குப் பொருந்தாது. குமிழைப் பிடித்தபடி ஒரு ஆள் இருபத்துநாலு மணிநேரமும் நிற்க வேண்டும்.

அந்த ஆளின் வேலையைச் செய்யும் கணக்குத்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1959 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேர்னாட் விட்ரோவும் அவரது மாணவர் ரெட் ஹொஃப்பும் தானாகக் கற்றுக்கொள்ளும் ஒரு மின்சுற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை அடக்குவது அவர்கள் நோக்கமே இல்லை. அதிலிருந்து வந்த அல்கோரிதத்துக்கு எல்.எம்.எஸ் என்று பெயர். வழுவின் வர்க்கத்தின் சராசரியை மிகக் குறைப்பது என்று பொருள். இந்த ஹொஃப்தான் பின்னர் இன்டெல் நிறுவனத்துக்குப் போய், 1971 இல் வெளிவந்த அதன் முதல் மைக்ரோபுரோசசரின் உருவாக்கத்தில் முக்கிய பங்கெடுத்தவர்.

பெயர் பயமுறுத்தும். வேலை எங்கள் வீடுகளில் நடந்ததுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். எங்கள் வீட்டில் அண்ணா பெடல் சுற்றுவார், அப்பா குமிழைப் பிடிப்பார். பீபீசி தமிழோசை எந்த இடத்தில் விழும் என்று அவருக்குக் கணக்குத் தெரியாது, தேவையும் இல்லை. கொஞ்சம் திருப்புவார். இரைச்சல் குறைந்தால் அதே பக்கம் இன்னும் கொஞ்சம். கூடினால் மற்றப் பக்கம். இரைச்சல் அதிகமாக இருக்கும்போது பெரிதாகத் திருப்புவார். குரல் தெளிய விரல் நுனியால் தொடுவார். அவ்வளவுதான் எல்.எம்.எஸ். ஒரு குமிழுக்குப் பதிலாக அதற்கு நூற்றுக்கணக்கான குமிழ்கள். ஒவ்வொரு கணமும் எல்லாவற்றையும் ஒரேயடியாக, ஒவ்வொன்றையும் அதனதன் பங்குக்கு ஏற்பத் திருப்பும்.

கணக்காக எழுதினால் ஒரே வரி. புதிய குமிழ் நிலை = பழைய நிலை + (படி அளவு × மிச்சமிருக்கும் வழு × உள்ளே வந்த ஒலி). எண் போட்டுப் பார்ப்போம். உள்ளே வரும் ஒலி 1, அதை அடக்க வேண்டிய சரியான நிலை 0.8, நாங்கள் தொடங்கும் நிலை பூச்சியம், படி அளவு 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழு 0.8. அதில் கால் பங்கு 0.2, குமிழ் 0.2 க்குப் போகும். இப்போது வழு 0.6. அதில் கால் பங்கைச் சேர்த்தால் குமிழ் 0.35, வழு 0.45. இப்படியே பத்துத் தடவை போனால் வழு 0.045 ஆகச் சுருங்கும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவிக்குப் பத்துத் தடவை என்பது கண் சிமிட்டும் நேரத்தில் மிகச் சிறு பங்கு. உண்மையான சத்தம் இவ்வளவு எளிதாக இராது, நூற்றுக்கணக்கான குமிழ்கள் ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் நடப்பது இதுதான்.

படி அளவில்தான் எல்லா வில்லங்கமும். அதே கணக்கில் 0.25 க்குப் பதிலாக 2.5 போட்டால் வழு 0.8 இலிருந்து மறுபக்கம் 1.2 ஆகும், பிறகு 1.8, பிறகு 2.7. திருத்தத் திருத்தக் கெடும். மிகச் சிறிதாக வைத்தால் கெடாது. ஆனால் அப்பா குமிழை அப்படி ஊர்ந்து ஊர்ந்து திருப்பியிருந்தால் ஸ்டேஷன் பிடிபட முன் செய்தி முடிந்திருக்கும். வேகமாகக் கற்பதும் உறுதியாக நிற்பதும் ஒன்றாகக் கிடைக்காது. இந்தத் துறையில் கடந்த அறுபது ஆண்டுகளாக வந்த எத்தனையோ ஆய்வுகள் இந்த இழுபறியைச் சுற்றியவைதான்.

விட்ரோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1975 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பயன்பாடு என்னைப் பிடித்து நிறுத்தியது. கர்ப்பிணித் தாயின் வயிற்றில் மின்வாய்களை ஒட்டிச் சிசுவின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்தால், தாயின் பலத்த துடிப்பு அதை மூடிவிடும். தாயின் மார்பிலிருந்து இன்னொரு பதிவை எடுத்து, அதை இந்தக் கணக்குக்குக் கொடுத்து, வயிற்றுப் பதிவில் தாய்க்குரிய பங்கை மட்டும் கழித்தார்கள். மிச்சமாக நின்றது பிள்ளையின் துடிப்பு.

காற்றில் உள்ள சத்தத்தை அடக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். கணினி அனுப்பும் அலையும் காதுக்குப் போய்ச் சேரும் அலையும் ஒன்றல்ல. நடுவில் ஒலிபெருக்கி, காற்று, காதின் குழி. அது தாமதிக்கும், உருமாறும். தோட்டத்தில் இறைப்புக்கு நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடைசிப் பாத்தியில் நிற்பவர் "காணும்" என்று கத்தும்போது வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கிணற்றடியில் நிற்பவர் அந்தக் கத்தலை மட்டும் நம்பினால் ஒரு பாத்தி வெள்ளத்தில், அடுத்தது காய்ச்சலில். வாய்க்காலின் நீளம் தெரிந்தவர் கத்தலுக்கு முன்னரே மறிப்பார். வழு என்ற கத்தல் சற்று முன்னர் அனுப்பிய அலையால் வந்தது, இப்போது அனுப்புவதால் வந்ததல்ல என்பதை அல்கோரிதமும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக அந்தப் பாதையின் ஒரு மாதிரியை முதலிலேயே அளந்து வைத்து, உள்ளே வரும் ஒலியை அதற்குள்ளால் ஓடவிட்டுத்தான் திருத்தத்தைக் கணக்கிடுவார்கள். 1980 களின் தொடக்கத்தில் பேர்ஜஸ் என்பவரும், வேறாக விட்ரோவும் முன்வைத்த இதற்கு பில்டர்ட்-எக்ஸ் எல்.எம்.எஸ் என்று பெயர். இன்றைக்கும் இத்துறையின் உழைப்பாளி மாடு இதுதான். பாதையை அளந்ததில் 90 பாகை வரை பிழை இருந்தாலும் மெதுவாகக் கற்றால் சமாளித்துவிடும். அதைத் தாண்டினால் தவறான பக்கம் கற்கத் தொடங்கும்.

ஹெட்போன் ஒன்றில் இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் எவ்வளவு? வெளியேயுள்ள ஒலிவாங்கிக்கும் உள்ளேயுள்ள ஒலிபெருக்கிக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். ஒலி அதைக் கடக்க செக்கனின் பதினேழாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதற்குள் எதிர் அலை தயாராக வேண்டும். இதனால் விலை குறைந்த பலவற்றில் வடிகட்டியைத் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைத்து விடுகிறார்கள், அது ஒன்றும் கற்பதில்லை. பெட்டியில் "அடப்டிவ்" என்று எழுதியிருப்பதையும் முழுதாக நம்பத் தேவையில்லை. சிலவற்றில் அதன் அர்த்தம், சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று நிலைகளுக்கு மாறிக்கொள்ளும் என்பது மட்டுமே. கண்ணாடிக் காம்போ தலைமயிரோ இடுக்கில் கிடந்து காற்றுக் கசிந்தால் நல்ல கருவியும் பாதி வேலைதான் செய்யும்.

எதை அடக்கும்?

2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நடந்த நாட்கள் நினைவிருக்கும். கடைத்தெரு முழுக்க ஜெனரேட்டர். சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும், செக்கனுக்கு 50. ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிபொருள் வெடிக்கும். ஆகவே செக்கனுக்கு 25 வெடிப்பு. அதன் சத்தத்தில் 25, 50, 75, 100 ஹேர்ட்ஸ் என்று படிக்கட்டுப்போல ஒலிகள் நிற்கும். இந்தக் கணம் நடந்ததே அடுத்த கணமும் நடக்கும். குமிழ் திருப்புகிறவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? தாழ்ந்த ஒலி, திரும்பத் திரும்ப வரும் ஒலி, இரண்டும் இந்த அல்கோரிதத்துக்குச் சோறு போட்டமாதிரி.

அப்படியானால் ஜன்னலில் ஒரு ஒலிபெருக்கியை வைத்து அறை முழுவதையும் அமைதியாக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. ஓர் ஒலிவாங்கியைச் சுற்றி நல்ல அமைதி கிடைக்கும் பரப்பு அந்த ஒலியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. 100 ஹேர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீற்றர், அமைதி ஒரு முழத்துக்கும் குறைவு. 1000 ஹேர்ட்ஸ் என்றால் மூன்று சென்ரிமீற்றர் சொச்சம், தலையைத் திருப்பினால் போய்விடும். அறைக்குள் ஓரிடத்தில் அடங்கிய சத்தம் இன்னோரிடத்தில் கூடியிருக்கும். காது சிறியது, ஹெட்போன் அதை மூடிக்கொண்டு கூடவே திரும்பும் என்பதால்தான் அங்கே வெற்றி.

விமானங்களில் வேறு விதமாகவும் செய்தார்கள். உந்துசுழலி விமானத்தின் உறுமல் சுழலும் தகடுகளின் தாளத்தில் வரும். பலாலியிலிருந்து சென்னைக்குப் போனவர்களுக்கு அது தெரியும். இங்கிலாந்தில் சௌதம்ரன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபன் எலியட், பிலிப் நெல்சன் குழுவினர் 1980 களின் பிற்பகுதியில் பயணிகள் பகுதி முழுவதும் பல ஒலிபெருக்கிகளையும் ஒலிவாங்கிகளையும் பரப்பி, எல்லாவற்றையும் சேர்த்துக் கற்கும் அல்கோரிதத்தைப் பறக்கும் விமானத்திலேயே சோதித்தார்கள். சில ஆண்டுகளில் சுவீடனின் சாப் 340 விமானங்களில் அப்படியான ஏற்பாடு வணிகமாக வந்தது. ஹெட்போனின் வழி தனி. அமர் போஸ் 1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்குப் பறக்கும்போது விமான இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1989 இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது.

விமானிகள்தான் இதன் முதல் வாடிக்கையாளர்கள். 1950 களில் லோரன்ஸ் ஃபோகல் எடுத்த காப்புரிமைகளும் விமானி அறையின் இரைச்சலைக் குறிவைத்தவை. உலங்குவானூர்தியின் சத்தமும் கிபிரின் இரைச்சலும் எங்களுக்குக் கீழிருந்து தெரிந்தவை. மேலே உள்ளே இருப்பவருக்கு அதைக் குறைத்துக் கொடுக்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. படித்துக்கொண்டு போகையில் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

வெடிச்சத்தம்

இனி முதற் கேள்வி. அல்கோரிதம் கற்பது திரும்ப வருவதிலிருந்து. எறிகணையோ வாணவெடியோ ஒரு தடவைதான் வரும், சில ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் உச்சிக்குப் போய்விடும். கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. கற்றாலும், அந்த அழுத்தத்துக்கு எதிர் அழுத்தம் கொடுக்க ஹெட்போனின் சின்ன ஒலிபெருக்கியால் முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வெடிச்சத்தம் அல்கோரிதத்தையே குழப்பும். திருத்தம் என்பது வழுவையும் உள்ளே வந்த ஒலியையும் பெருக்கி வருவது. ஒலி திடீரென்று நூறு மடங்கானால் வழுவும் நூறு மடங்காகும். பெருக்கினால் திருத்தம் பத்தாயிரம் மடங்கு. பொறுமையாகச் சரிசெய்த குமிழ்கள் எல்லாம் ஒரே அடியில் தூக்கி எறியப்படும். ஒலியின் பலத்தால் திருத்தத்தை வகுப்பது, எல்லை தாண்டிய மாதிரிகளை வெட்டுவது, வழுவின் வர்க்கத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த அடுக்கைக் கணக்கில் எடுப்பது என்று பல மாற்றுவழிகள் வந்துள்ளன. கடைசி வழி 1995 இல் முன்வைக்கப்பட்டது. இவை கருவிக்குப் பைத்தியம் பிடிக்காமல் காக்கும். வெடியை அடக்கமாட்டா.

ஆகவே கல்லுடைக்கும் இடத்திலும், இரும்பு வெட்டும் பட்டறையிலும், அரிசி ஆலையிலும், கலியாண வீட்டு வெடிக்கும் இந்த ஹெட்போனைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம். பல நாடுகளின் தொழில் பாதுகாப்பு விதிகள் திடீர் ஒலிகளுக்கு 140 டெசிபல் உச்சத்தை எல்லையாக வைத்திருக்கின்றன. அப்படியான இடங்களுக்கு மின்சாரமே இல்லாத, நுரை அடைத்த காதுமூடிதான் பொருத்தம். ஒழுங்காகப் பொருத்தினால் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். விலையும் பல மடங்கு குறைவு.

அம்மாக்களின் பதற்றம் காதோடு மட்டும் நிற்பதுமில்லை. வெடி நெஞ்சிலும் தரையிலும் அதிரும். என் பெரியம்மாவுக்குத் தீபாவளிக்குக் காதுமூடி கொடுத்தபோது அரைமணிநேரத்தில் கழற்றி வைத்துவிட்டார். "காதைப் பொத்தினா எனக்கு இன்னும் பயமாக்கிடக்கு பிள்ளை. எங்கையிருந்து வருதெண்டு தெரியவேணுமெல்லோ" என்றார். குத்துச் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கி, விழ முன் படுத்துப் பழகிய காது அது. கேட்காமல் இருப்பதை அது ஓய்வாக எடுத்துக்கொள்வதில்லை. கொடுப்பவர்கள் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

காதுக்குள் இரைவது

என் மாமாவுக்கு வன்னியில் கடைசிக் காலத்தில் எறிகணை பக்கத்தில் விழுந்து இடது காதில் கேள்வி குறைந்தது. அன்றிலிருந்து அந்தக் காதில் சில்வண்டு இரைவதுபோல ஒரு சத்தம். மச்சாள் அனுப்பிய ஹெட்போனைப் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினேன்.

"மாமா, இப்ப எப்பிடி?"

"வெளிச்சத்தம் நிண்டிட்டுது தம்பி. ஆனா இது கூடிப்போச்சு. வெளியிலை கிடக்கிறதை நிப்பாட்டுற சாமான் உள்ளுக்கை கிடக்கிறதை ஏன் நிப்பாட்டேல்லை?"

கேள்வி நியாயமானது. ஹெட்போனின் ஒலிவாங்கி காற்றில் ஓர் அலை இருந்தால்தான் அதைப் பிடிக்கும். மாமா கேட்பது காற்றில் இல்லை. வெடிப்பின் அழுத்தம் உட்காதின் நத்தைச் சுருளுக்குள் இருக்கும் மெல்லிய மயிர்க்கலங்களைச் சிதைக்கும். அவை மனிதரில் திரும்ப வளர்வதில்லை. வழக்கமாக வரும் சமிக்ஞை குறைந்துபோனதும், மூளை தன் கேட்கும் திறனைத் தானே கூட்டி வைக்கிறது என்பதே இதற்கு ஆய்வாளர்கள் பரவலாகத் தரும் விளக்கம். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினால் எழும் இரைச்சல்போல. பிடிக்க ஓர் அலை இல்லாதபோது எதிர் அலைக்கும் வழியில்லை. (இரத்தக்குழாயின் ஓட்டம்போல உடலுக்குள் உண்மையாகவே எழும் சத்தமும் சிலருக்குக் கேட்கும். அது அரிது. நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.)

கூடிப்போனதாக அவர் சொன்னதும் கற்பனையில்லை. வெளிச்சத்தம் அடங்கினால் உள்ளிரைச்சல் தனியாகத் துருத்தி நிற்கும். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு முழு அமைதியைவிட, மெல்லிய மின்விசிறிச் சத்தமோ மழைச்சத்தமோ பின்னணியில் ஓடுவதைத்தான் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள், முக்கியமாகப் படுக்கும் நேரத்தில். கேள்விக்குறைவும் சேர்ந்திருந்தால், காது கேட்கும் கருவி வெளி ஒலிகளைத் திரும்பக் கொண்டுவருவதால் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைப் பிரிவில் கேள்வித்திறனை அளந்து பார்ப்பதுதான் முதற்படி. பதினைந்து வருடம் கடந்துவிட்டது, இனி என்ன என்று இருப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

கருவி ஏன் கீச்சிடுகிறது?

அந்தக் கருவிக்குள்ளும் எல்.எம்.எஸ் இருக்கிறது, எதிர்ப்பக்கமாக. கோயில் மேடையில் மைக்கை ஒலிபெருக்கிக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஊரே காதைப் பொத்தும்படி கூவும். ஒலிபெருக்கி விட்டதை மைக் பிடித்து, அதைப் பெருக்கி, திரும்ப விட்டு, திரும்பப் பிடிக்கும் சுழல் அது. காது கேட்கும் கருவியில் மைக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் சில சென்ரிமீற்றர்தான், பெருக்கமோ பெரிது. எனவே கருவிக்குள் இருக்கும் அல்கோரிதம், தன் ஒலிபெருக்கியிலிருந்து தன் மைக்குக்குக் கசிந்து வரும் பங்கு எவ்வளவு என்று இடைவிடாமல் கற்று, அதைக் கழித்துக்கொண்டே இருக்கும். தாயின் துடிப்பைக் கழித்த அதே வேலை.

பேரப்பிள்ளை வந்து கட்டிப்பிடிக்கிறது. கன்னமோ கையோ காதுக்குக் கிட்ட வந்ததும் ஒலி தெறித்துத் திரும்பி, கசிவுப் பாதை மாறிவிடுகிறது. கற்றுவைத்தது இனிப் பொருந்தாது. புதிதாகக் கற்கும் வரை கீச்சிடும். தொலைபேசியைக் காதில் வைக்கும்போதும், தலையணையில் சரியும்போதும் இதுதான். ஒரு கணம் கீச்சிட்டு நின்றால் கருவி தன் வேலையைச் செய்கிறது. ஓயாமல் கீச்சிட்டால் குற்றம் பெரும்பாலும் அல்கோரிதத்தில் இல்லை: காதச்சு தளர்ந்திருக்கும், அல்லது காதுக்குள் குடும்பி அடைத்திருக்கும். குச்சி விட்டுக் கிண்டாமல் மருத்துவரிடம் காட்டி எடுப்பித்து, அச்சைப் புதிதாக வார்த்தால் பலருக்கு அத்தோடு தீர்ந்துவிடும். மலிவாக விற்கப்படும் ஒலி கூட்டும் கருவிகள் பலவற்றில் இந்தக் கற்கும் பகுதியே கிடையாது. வாங்கும்போதோ, வெளிநாட்டிலிருந்து யாரும் அனுப்பும்போதோ, கீச்சொலியை நீக்கும் வசதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நாதஸ்வரம் ஒரு சுரத்தை நீளப் பிடிக்கும்போது, அது அல்கோரிதத்துக்குக் கீச்சொலி போலவே தெரியும். இரண்டும் தூய, நீண்ட, மாறாத ஒலிகள். கசிவு என்று எண்ணி அதையும் கழிக்கப் பார்க்கும். கேட்பவருக்குச் சுரம் நடுங்கும், இரட்டித்துக் கேட்கும், சில நேரம் நாதஸ்வரம் நின்ற பிறகும் ஒரு வால் இழுபடும். கருவி பழுதென்று வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிம முறைக் கருவிகள் பலவற்றில் இசைக்கென்று வேறு நிலை ஒன்றை அமைக்கலாம். அதில் கீச்சொலி நீக்கி மெதுவாகக் கற்கும், அல்லது நிறுத்தப்பட்டிருக்கும். கருவியைப் பொருத்தித் தருபவரிடம் கேட்டால் கணினியில் இணைத்துச் சில நிமிடங்களில் செய்து தருவார். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, கோயிலில் என்ன கேட்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.